சிவகௌரியின் லைசென்ஸ்

லண்டன் மோர்டனில் இருந்த கடையின் பெயர்ப்பலகை யோகராஜாவின் பெயரில். வீடும் காரும் அப்படியே. மதுபானம் விற்பதற்கான பேர்சனல் லைசென்ஸ் மட்டும் மனைவி சிவகௌரியின் பெயரில் இருந்தது. புகைப்படம் போட்ட அந்தச் சின்ன அட்டையைக் கைப்பையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு சொட்டுக் குடித்தறியாத மனுசிக்குச் சாராயம் விற்பதில் என்ன பெருமை என்று சனம் சிரித்தது. சிரிக்கட்டும். ஜெர்மனியில் வருஷக்கணக்காக ஹோட்டல் அறைகளைத் துடைத்தவள், லண்டனுக்கு வந்து, ஆங்கிலத்தில் படித்து, சோதனை எழுதித் தேறி வாங்கியது அது. அகதி என்ற சொல் பக்கத்தில் இல்லாமல் அவள் பெயர் அச்சாகி வந்த முதல் அட்டை.

2009 மாசி மாதம் அதற்கு ஆபத்து வந்தது.

அடுத்த தெருப் பிரியந்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு மிளகும் மஞ்சளும் அரைத்த சரக்குக்கறியும் ஒரு மூடி பிராந்தியும் கொடுப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். லண்டன் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் அது மாறாது. பிரியந்தியின் தங்கை கஜந்தினி ஓடி வந்தாள்.

"மாமி, அக்காவுக்குப் பிராந்தி வேணுமாம். அம்மா அனுப்பினவ."

"பிள்ளை ஆரை மாதிரி?" என்று கேட்டபடியே சிவகௌரி காசை வாங்கிக்கொண்டு போத்தலைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் நின்ற, கடைகளைச் சோதிக்கும் கவுன்சில்காரர் கஜந்தினியை வாசலில் மறித்து வயதைக் கேட்டார். பதினேழு. பதினெட்டு முடியாதவர்களுக்கு மது விற்பது அங்கே குற்றம்.

முன்பே ஒருமுறை எச்சரிக்கை வாங்கிய கடை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

சட்டத்தரணி வாமதேவன் விளங்கப்படுத்தினார். "பிள்ளையின்ரை தோற்றத்திலை ஆருக்கும் வயதுச் சந்தேகம் வராது, நீங்களும் பதினெட்டு முடிஞ்சுது எண்டு நம்பினனீங்கள் எண்டால் தப்பலாம். குற்றவாளி எண்டு தீர்த்தால் லைசென்ஸைப் பறிக்கவும் கோட்டுக்கு அதிகாரம் இருக்கு. ஆறு மாசம் வரைக்கும் நிப்பாட்டியும் வைக்கலாம். நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

"இருபது எண்டுதான் நினைச்சவ!" என்று முந்திக்கொண்டார் யோகராஜா. "பிள்ளை நல்ல உயரம்."

சிவகௌரி காரில் ஏறிய பிறகுதான் சொன்னாள்.

"அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலை ஆராத்தி எடுத்தது நான். எனக்கு அவளின்ரை வயது தெரியாதோ?"

"அது கோட்டுக்குத் தெரியாது."

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமே."

யோகராஜா பொய்யர் அல்ல. அந்த அட்டை போனால் இவள் உடைந்துபோவாள் என்று பயந்தார், பாவம். அன்றிலிருந்து தேநீரைக்கூட அவரே ஊற்றிக் கொடுத்தார்.

வழக்கு நாளில் மூன்று நீதவான்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார், அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது என்று நினைத்தீர்கள் எனக் கேட்டார். யோகராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினேழு. நினைக்கேல்லை, எனக்குத் தெரியும்" என்றாள் சிவகௌரி. ஆராத்தி எடுத்த கதையையும் சொன்னாள். கோர்ட்டில் சொல் பிசகக்கூடாதென்று வாமதேவன் ஒழுங்குசெய்த மொழிபெயர்ப்பாளர் ஆராத்தியில் தடக்குப்பட்டு, அந்தப் பிள்ளை பெரியபிள்ளையான விழாவில் இவர் முன்னுக்கு நின்றவர் என்று ஒருவாறு சமாளித்தார். "அவளின்ரை அக்கா பிள்ளை பெத்த சந்தோசத்திலை சட்டத்தை மறந்துபோனன். பிழை என்னிலைதான்."

நீதவான்கள் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். தண்டம் விதித்தார்கள். லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்திவைப்பு. உண்மை சொன்னபடியால் பறிக்கவில்லை என்றார் அம்மையார். சிவகௌரி தலையாட்டினாள். வெளி மண்டபத்து மர வாங்கில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. யோகராஜா கைக்குட்டையை நீட்டினார்.

"இருபது எண்டு சொல்லியிருந்தால் இந்த அழுகை இல்லையே, கௌரி?"

"அப்பவும் அழுதிருப்பன்" என்றாள். "உங்களுக்குத் தெரியாமல் அழுதிருப்பன்."

யோகராஜா கைக்குட்டையைத் திருப்பி வாங்கித் தன் கண்ணைத் துடைத்தார்.