இரண்டு இசக்கிமுத்துகளும் ஒரு ஊசியும்

இரண்டு வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஊர் சுற்றப் போகவில்லை, சாமி. நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்!

இந்தப் பம்பாயில் எந்தக் காகிதத்தை நிரப்பினாலும் சர்நேம் கேட்பார்கள். நமக்கேது சர்நேம்? அப்பா பெயரைச் சொன்னேன். அது வேண்டாம் என்ற குமாஸ்தா, தாமாகவே 'இசக்கிமுத்து மதராசி' என்று எழுதிக்கொண்டார். அடுத்த கட்டிலுக்கு வந்து சேர்ந்த குர்லா பட்டறைக்காரரும் ஒரு இசக்கிமுத்து... அவரும் மதராசி! திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்கு நாலு இசக்கிமுத்து உண்டு என்பது குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்?

பட்டறைக்காரருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி.

மூன்றாம் நாள் காலை, எஸ்தர் சிஸ்டர் ஊசியோடு என்னிடம் வந்தாள். பாளையங்கோட்டைப் பெண். அன்று வார்டு முழுவதற்கும் அவள் ஒருத்திதான். இசக்கிமுத்துதானே என்று கேட்டாள். ஆமாம் என்று கையை நீட்டினேன். என்ன ஊசி என்று கேட்டேனா? இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தமக்கு இன்னும் இன்சுலின் போடவில்லையே என்று பக்கத்துக் கட்டில்காரர் அவளிடம் கேட்டார். அவள் முகம் வெளிறிப்போனது. எனக்கு அதற்குள் வேர்த்துக் கொட்ட ஆரம்பித்திருந்தது.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல்காரனுக்கு வேர்ப்பது அதிசயமா? ஆனால் டாக்டரிடம் ஓடினாள். தப்பு நடந்துவிட்டது, செய்தது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். உடனே குளூகோஸ் ஏற்றினார்கள். டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் நோயாளி அவர்தான் என்று தோன்றும். சாயங்காலம் நான் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டேன்.

ஊசி போட்டுக்கொண்டவன் ஒரே நாளில் தேறிவிட்டேன். போட்டவள்?

மறுநாளிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை. மேட்ரனிடம் கெஞ்சி, துணி அடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். வேலையை விட்டு ஊருக்குப் போகக் கடிதமும் கொடுத்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் நாம் சத்தம் போடுகிறோம். செய்தவர் அதற்கப்புறம் எப்படிச் சாப்பிடுவார், எப்படித் தூங்குவார் என்று நினைத்திருக்கிறோமா? சத்தியமாக நான் நினைத்ததில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நாள். கடைசி பெனிசிலின் ஊசி பாக்கி. எஸ்தர் வந்தால்தான் போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்தேன். வந்தவள் தூரமாகவே நின்றாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. உங்களக் கொல்லப் பாத்த கை இது."

"நீ ஓடிப்போயி சொல்லலேன்னா நான் இன்னைக்கி இல்ல தாயி. தப்பச் சொல்லத் தெரிஞ்சவ கையாலதான் எனக்கு ஊசி வேணும். போடு."

என் பெயரைக் கேட்டாள். அப்பா பெயரைக் கேட்டாள். ஊர், தெரு எல்லாம் கேட்டாள். குப்பியில் இருந்த மருந்தின் பெயரை என்னையே படிக்கச் சொன்னாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு போட்டாள்.

நேற்று மேட்ரனைப் பார்த்தேன். எஸ்தர் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டாளாம். என் கடைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கண் கலங்கியது. இன்று நான் உங்களோடு வாயடித்துக்கொண்டிருப்பது அவளால்தான். நன்றியை வேறு எப்படிச் சொல்வது?

அந்த ஊசி வலித்ததா என்கிறீர்களா? உயிர் போகிற வலி! வலிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் – யாரும் அவளிடம் உளறிவிடாதீர்கள்.