கையில் வந்த கோபம்

என் இடது தோளுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. பழைய நாலணா அகலம், நடுவில் குழி, ஓரமெல்லாம் சுருக்கம். போன மாதம் அரிப்புக்கு மருந்து வாங்கப் போனபோது, தோல் டாக்டர் பெண் அதைத் தடவிப் பார்த்து, "இதையும் லேசர்ல மங்க வச்சிரலாம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தத் தழும்புக்கான புண் வரவேண்டுமே என்று ஒரு வாரம் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான்.

அறுபதுகளில் நடந்தது. என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணமான இருபதாம் நாள் போனவர், இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கப்பல் சீட்டு அனுப்பினார். ஏற வேண்டுமானால் அம்மை குத்திய அட்டை வேண்டும். முதல் தடவை குத்திக்கொள்கிறவர்களுக்கு எட்டாம் நாள் கொப்புளம் எழும்பியதைக் குத்தியவரே கண்ணால் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். இருபது வயதில் எனக்கு அதுதான் முதல் தடவை. காரணம் என் அம்மா. அவள் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. என் அண்ணனை அம்மைக்குப் பறிகொடுத்தவள். நல்ல உடம்பில் யாராவது மாரியாத்தாளைக் கொண்டுவந்து வைப்பார்களா என்று, அம்மை குத்த ஆள் வரும்போதெல்லாம் என்னை நெல்லுக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவாள்.

அதே ஆளிடம்தான் போய் நின்றேன். கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அவர்தான் அம்மைக்குத்துக்காரர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, குதிர்ப் புள்ளையா? 'அவ அம்மாச்சி வீட்டுக்குப் போயிட்டா'ன்னு ஒங்கம்மா சொல்லும். குதிருக்குள்ள இருந்து தும்மல் கேக்கும்."

"கேட்டுச்சுல்ல? அப்பவே புடிச்சுக் குத்தியிருக்கலாம்ல?"

"ஒங்கம்மா கையில உலக்கை இருந்துச்சே தாயி!"

பல் வைத்த சின்னச் சக்கரத்தைக் கையில் அழுத்தித் திருகினார். எட்டாம் நாள் தானே வருவதாகச் சொல்லி அனுப்பினார். மூன்று நாள் ஒன்றுமில்லை. கப்பல் போய்விடும் என்று அழுதேன். நாலாம் நாள் கடுகளவு சிவப்பு. புண்ணுக்காகக் குதித்த பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏழாம் நாள் கை வீங்கி, கொப்புளம் முத்தி, காய்ச்சல் கொதித்தது. அவ்வளவுதான், அம்மா வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். தாளிப்பு நின்றது. வெளி ஆள் உள்ளே வரக்கூடாது. வீட்டிலிருந்து ஒரு பிடி உப்புகூட வெளியே போகக்கூடாது.

"இது குத்துன புண்ணும்மா!" என்று கத்தினேன்.

"எதுனாலும் ஆத்தா குடுக்கிறதுதாண்டி. பேசாமப் படு."

மறுநாள் அம்மைக்குத்துக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள வராதீக. ஆத்தா வந்திருக்கா. மூணு தண்ணி ஊத்தினப்புறம் வாங்க."

"அதுக்குள்ள கப்பல் போயிரும்மா."

"இந்தக் கப்பல் போனா இன்னொரு கப்பல் வரும். எம்புள்ளை போனான், வரலையே."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து ஜன்னலைத் திறந்து, கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டி, "இங்குட்டு வாங்க! கை இங்க இருக்கு!" என்று கூப்பாடு போட்டேன்.

வந்தார். தொடவில்லை என்பதை அம்மா பார்க்கட்டும் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடி சக்கை!" என்றார். பிறந்த குழந்தையைப் பார்க்கிற முகம்.

"இந்தச் செவப்பு, வீக்கம், காச்சல் எல்லாம் ஒன் ஒடம்பு படுற கோவம் தாயி. உள்ள வந்தவனை அடையாளம் பாத்துக்கிருச்சு. இனி அவன் வந்தா விடாது. ஒனக்கு இருக்கிற கோவம் ஒன் ரத்தத்துக்கும் இருக்கு. பொழைச்சுக்கிருவ."

"அப்ப இவளுக்கு அம்மை வாராதா?" அம்மா கேட்டாள்.

"வாராதும்மா."

சைக்கிள் சீட்டில் காகிதத்தை வைத்து அவர் எழுதினார். அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்து, ஒரு செம்பு மோரை அதே ஜன்னல் கம்பி வழியாக அவரிடம் நீட்டினாள்.

கப்பலில்தான் பொருக்கு உதிர்ந்தது. இப்போது இதை எதிர்ப்பு சக்தி என்கிறார்கள், சோப்பில்கூட இருப்பதாக விற்கிறார்கள். கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. காயம் கொஞ்சம் சிவந்து, சூடாகி, வீங்கித்தான் ஆறும். கோபமே படாத தோல் ஆறாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

"அரிப்புக்கு மட்டும் எழுதும்மா. தழும்பைத் தொட்டா நடக்கிறது வேற" என்று டாக்டர் பெண்ணிடம் சொல்லிவிட்டு, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இருக்கட்டும். அவள் சிரித்துக்கொண்டே தன் கையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு இந்தத் தழும்பு கிடையாது. பெரியம்மையே இல்லாமல் போனபின் பிறந்தவள். அந்த வெறுங்கையை அம்மைக்குத்துக்காரர் பார்த்திருந்தால், அதற்கும் "அடி சக்கை!" என்றுதான் சொல்லியிருப்பார்.