பென்டிரைவுக்கு வைத்த சந்தனம்

இன்று நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை ஆபீசில் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் புதிதாகப் போட்டுத்தரப் போயிருந்தேன்.

என் பென்டிரைவைச் செருகினால் அந்தக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. பயாஸ் செட்டிங்கில், எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசையை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். ஒரு மணி நேரம் போனது.

கடைசியில் பண்ணைக்கார அக்காவிடம் எரிந்து விழுந்தேன். "தீவனத் தூசி உள்ள போயி போர்டே போச்சுங்க அக்கா. மெஷினை இப்படியா வெச்சிருப்பீங்க?"

அவர் பென்டிரைவை உருவி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதுக்குள்ள சந்தனம் காஞ்சு கெடக்குதுங்களே."

இரண்டு வாரம் முன்பு ஆயுத பூஜையன்று ஸ்க்ரூடிரைவர் முதல் பென்டிரைவ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான்தான்.

சுரண்டித் துடைத்துச் செருகியதும் விண்டோஸ் ஏறத் தொடங்கியது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். "போன வாரம் எங்க அண்ணன் ஊட்டுக் கம்ப்யூட்டர் இனி ஆகாதுன்னு சொன்னீங்க. பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. அதுக்கும் இதே பென்டிரைவ்தானுங்களா?"

டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.