பாரமில்லாத துவக்கு

கடைக்காரர் மூன்றாவது முறையாகவும் வால்நட் மரக்கட்டை போட்ட துப்பாக்கியையே என் கையில் வைத்தார். "அழகுதான், ஆனால் நான் இதைச் சுவரில் மாட்டி வைக்கப்போவதில்லை" என்றேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். போன வருடம் மருத்துவமனையில் என்னோடு வேலை செய்பவர்களின் வேட்டைக் குழுவுடன் காட்டுக் கலைமான் தேடி மலைக்குப் போயிருந்தேன். இரவல் துப்பாக்கி, கடும் பாரம். மூச்சிரைக்க நான் மேட்டை எட்டியபோது மான்கள் அடுத்த சரிவுக்குப் போய்விட்டன. நான் இயன்முறை மருத்துவர். ஊராரின் தோள்களுக்குச் சொல்லும் புத்தியை என் தோளுக்கும் சொல்லவேண்டாமா? அதனால் இந்த முறை தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக் கட்டையோடு, மழையில் ஊறாத, இலேசான ஒன்று.

இலேசான துப்பாக்கி தோளில் கடுமையாக உதைக்கும் என்று அவர் எச்சரித்தார். உதைப்பது ஒரு கணம்தான், சுமப்பது நாள் முழுக்க என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கறுப்புத் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, கன்னத்தைக் கட்டையில் பதித்தேன். கண்ணைத் திறந்தபோது அதன் மேல் பொருத்தியிருந்த தொலைநோக்கியின் வட்டம் நேராக என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதற்குப் பிறகு வேறொன்றையும் நான் கையில் எடுக்கவில்லை.

வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒஸ்லோ நகரின் ஓரத்தில், புருசெத்தில், அப்பாவும் அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"துவக்குச் சத்தம் கேக்காத இடம் எண்டுதான் இஞ்சை வந்தனாங்கள். நீ காசு குடுத்து வீட்டுக்குள்ளை கொண்டு வாறாய். அது வந்தால் நான் ஸ்தவாங்கருக்கு, உன்ரை அக்கா வீட்டை போறன்."

"இது மான் சுடுறது, அப்பா."

"அங்கை சண்டையிலையும் எல்லாரும் ஒவ்வொரு காரணம் சொன்னவங்கள்தான்."

நான் இங்கே பிறந்தவள். அவருடைய பயத்துக்காக என் மலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவும் விருப்பமில்லை. போகவேண்டாம் என்று கேட்க வாய் வரவில்லை. இந்தப் பிடிவாதமும் அவரிடமிருந்து வந்ததுதானே.

பொலிஸ் அனுமதி கிடைத்தது. சட்டம் கேட்கிற இரும்புப் பெட்டகத்தை என் அறைச் சுவரில் நானே பொருத்தினேன். துப்பாக்கி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தது. அப்பா சொன்னதைச் செய்கிற மனிதர். அவருடைய பயணப்பை கதவடிக்கு வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் ரயில்.

அம்மாவின் கவலை வேறு. "இவ்வளவு காசுக்கு பிளாஸ்டிக்கோ?" என்று முதலில் தட்டிப் பார்த்தார். பிறகு, "புதுச் சாமானைச் சாமிக்குக் காட்டாமல் பூட்டி வைக்கிறதே?" என்றார். கார் வாங்கியபோது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர். எங்கள் சலவை இயந்திரத்துக்கும் பொட்டு உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி சமைத்த கையாலேயே வேட்டைத் துப்பாக்கியின் கட்டையில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் தாராளமாகக் குங்குமமும் வைத்தார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

பெரிய விலங்குகளைச் சுடப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் சூட்டுப் பரீட்சையில் தேறவேண்டும். சனிக்கிழமை காலை அதற்குத்தான் போனேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அது கழுதை மாதிரி உதைத்தது. ஆனால் ஐந்து குண்டுகளும் வட்டத்துக்குள்ளே போயின. பரீட்சகர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார், பிறகு துப்பாக்கிக் கட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வாழ்த்தினார். திரும்பி வரும்போது மெட்ரோவிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒஸ்லோ மெட்ரோவில் ஒருவர் தலையில் அடுப்பை வைத்துக்கொண்டு வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். அப்பா ஜாக்கெட் போட்டு, பையைத் தோளில் மாட்டி, சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். பை கீழே விழுந்தது.

"எங்கை பட்டது? பிள்ளை, எங்கை பட்டது?"

இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னம், காதின் பின்புறம், பிடரி, உச்சந்தலை என்று விரல்கள் ஒழுங்காகத் தேடிக்கொண்டு போயின. ஓரிடத்தையும் விடவில்லை. அந்தக் கைகள் இதை முன்பும் செய்திருக்கின்றன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் இருந்த வீறாப்பு எல்லாம் போய்விட்டது, அழுதுவிட்டேன்.

"அப்பா, அது குங்குமம். கட்டையிலை அம்மா வைச்சது. சுடேக்கை கன்னத்திலை பிரண்டிட்டுது."

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். சந்தன வாசம் வந்திருக்கவேண்டும். சுவரில் சாய்ந்து நின்று நெடுமூச்சு விட்டார். பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் புத்தகப்பையைக் கழற்றியது போல, துப்பாக்கி உறையை என் தோளிலிருந்து கழற்றினார். கையில் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"உவ்வளவுதானோ பாரம்?"

"ஓம் அப்பா. பாரமில்லாததாப் பாத்து எடுத்தனான்."

நான் பெட்டகத்தைத் திறக்கும்வரை அதை அவரே வைத்திருந்தார்.

"ரயிலுக்கு நேரமாகுதெல்லே?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டார்.

"ரயில் போகட்டும்" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பினார். "நீ முதல்லை முகத்தைக் கழுவு."