கறுப்பு மை தீர்ந்துகொண்டிருந்த வாரம்

போன வாரம் மீஞ்சூரில் என் ஸ்கூட்டி பஞ்சர். கடைக்காரர் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயட்டும் என்று வாயால் ஊதினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி எடுத்தது. சிரிக்காதீர்கள். சில வருடங்கள் இதே மாதிரியான நெடிக்கு நடுவில் உட்கார்ந்துதான் மதியச் சோறு தின்றேன். ஃப்ளெக்ஸ் பேனர் மையின் நெடி. ரசம் சாதத்தைத் திறந்தால் ரசம் மணக்காது, மைதான் மணக்கும்.

அதற்கு முன்பு நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர் வந்ததும், "நமக்கும் ஒன்று" என்று ஆசை வந்தது. வீட்டில் இருந்த நகை முன்பணமாகப் போக, மீதிக்கு மாதத் தவணை என்று பேசி, ராயப்பேட்டையில் பேனர் அடிக்கும் ஒரு பழைய மெஷினை வாங்கினேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முனையில் என் கடை. மெஷினை விற்றவர் பெரியவர், வெற்றிலை வாயோடு சொன்னார்: "மெஷின மட்டும் வாங்கலம்மா நீ. அதோட வாயையும் சேத்து வாங்கிக்கினு போற. தெனம் துன்னும்." கூடவே இன்னொன்றும் சொன்னார். மூன்று தவணை தவறினால் லாரி அனுப்புவார்.

தின்றது, சாமி, என்னமாய்த் தின்றது! மை தின்றது, கரண்ட் தின்றது, ஏசி இல்லாமல் வேலை செய்யமாட்டேன் என்றது. காலையில் அதன் ஹெட்டைக் கழுவவே ஒரு திரவம், காசு கொடுத்து. ஹெட் என்பது மை பீய்ச்சுகிற பாகம். அது போனால் புதிதுக்கு நாலு தவணைப் பணம் ஆகும். கரண்ட் போனால் பாதியில் நின்ற பேனர் குப்பைக்கு. என் வீட்டுக்காரர் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து எட்டிப் பார்த்து, "உன் மாமியாரே தேவல" என்றார். அவருடைய அம்மாவைத்தான் சொன்னார்.

ஆனால் நான் ஒன்றில் உறுதியாக இருந்தேன். லாரி வரக்கூடாது. அதற்கு என்னென்ன வழியோ எல்லாம் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் ரோல் பத்தடி அகலம். நாலடி பேனருக்காக மெஷினை ஓட்டினால் மீதி ஆறடி வீண். அதனால் அகலம் நிரம்பும்வரை சின்ன வேலைகளைச் சேர்த்து வைப்பேன். மஞ்சள் நீராட்டு விழாவும் கம்பெனி வாசலுக்கான 'தலைக்கவசம் அணிக' பலகையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகி வரும். கருநீலப் பின்னணி கேட்டு வருகிறவர்களைப் பேசியே வெளிர் மஞ்சளுக்கு மாற்றிவிடுவேன்.

"நட்சத்திரம் வெச்சி ராத்திரி மாறி இருக்கணும்மா" என்பார் பெண்ணைப் பெற்றவர்.

"ராத்திரில யாருக்கு அண்ணே உங்க பொண்ணு மூஞ்சி தெரியும்?" என்பேன். மடங்கிவிடுவார். எனக்கு ஒரு குவளை நீல மை மிச்சம்.

அடுத்து முகத்தில் கை வைத்தேன். டிசைன் செய்தவர் யூசுப்பு. பழவேற்காட்டுக்காரர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தானாகக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட ஆள். "முகத்த நல்லா வெளுத்துடு யூசுப்பு" என்று சொல்லிவைத்திருந்தேன். வெளுத்தால் மை குறையும். அதைவிடப் பெரிய லாபம், வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம். தலைவர் முதல் தாய்மாமன்வரை எங்கள் கடைக்கு வந்துபோன எல்லோரும் ரோஜாப்பூ நிறமானார்கள். கும்மிடிப்பூண்டி வெயிலில் அப்படி ஒரு நிறத்து மனிதரை நான் நேரில் பார்த்ததில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் வேலை விழுந்துபோயிற்று. இரண்டு தவணை தவறிவிட்டது. மூன்றாவதற்கு நாலு நாள் இருந்தது. ஒரு கம்பெனியிலிருந்து வரவேண்டிய செக்கை நம்பி உட்கார்ந்திருந்தேன். அது வந்தால்தான் தவணையும், அடுத்த கேன் கறுப்பு மையும். மெஷினுக்குள் கறுப்பு அடியில் கிடந்தது.

அன்று மதியம் ஒரு பெண் சுருட்டிய பேனரோடு உள்ளே வந்தாள். ஏழுமலையின் மனைவி குமாரி. ஏழுமலை இரும்பு உருக்கும் ஆலையில் உலை அருகே வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் இறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கூட வேலை செய்தவர்கள் அவருடைய கம்பெனி அடையாள அட்டையிலிருந்த படத்தைக் கொடுத்து, எங்களிடம்தான் கண்ணீர் அஞ்சலி அடித்தார்கள். குமாரி பேனரைத் தரையில் விரித்தாள்.

"யாரு இது?"

"உங்க வீட்டுக்காரரும்மா" என்றேன்.

"இந்தாளா? நான் பாத்ததே இல்லியே. இருவது வருசம் அடுப்பாண்ட வெந்த மனுசன். செத்ததுக்கு அப்புறம் இன்னாத்துக்கு அவுருக்குப் பவுடரு? புருவத்துல நெருப்புப் பட்ட தழும்பு எங்க? அதையும் தொடச்சிட்டீங்களா?"

யூசுப்பு தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தவில்லை. "கருமாதி வரிக்கும் வெளிய வரக்கூடாதுன்றாங்க. வந்துட்டேன். நாளானிக்குக் கருமாதி. அவுரு வேணும் எனக்கு. காசு இன்னாவோ குடுத்துடறேன்."

காசு வாங்க எனக்கு எந்த முகம் இருந்தது? வெளுக்கச் சொன்னது நான். "உக்காரும்மா, அடிச்சுத் தர்றோம்" என்றேன். யூசுப்பு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"யக்கா, கருப்பு அடியில கெடக்குது. காத்த இழுத்துச்சுன்னா ஹெட்டு காலி. பேஜாராயிடும். செக்கு வரட்டும், அப்பால பாத்துக்கலாம்."

"செக்கு கருமாதிக்கு வருமா?"

"வராது."

"அப்ப இன்னைக்கே அடிக்கணும். வழி என்னன்னு பாரு."

குமாரியை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அந்த அடையாள அட்டைப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். அவள் விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். "இன்னும் நெறத்த எறக்கு. இன்னும். அய்யோ, தாரு மாறி ஆக்காத! அவுரு கருப்புன்னா வெறுங் கருப்பு இல்ல. கன்னத்துல செவப்பு இருக்கும். அடுப்பு வெளிச்சம் பட்டுப் பட்டு வந்தது. நெத்தி கொஞ்சம் பழுப்பு, அங்க துண்டு கட்டுவாரு."

யூசுப்பு சட்டென்று நிமிர்ந்தார். "யக்கா, இந்தம்மா சொல்றதுக்குக் கருப்பே வேணாம். செவப்பும் மஞ்சளும்தான் கேக்குது. கொஞ்சமா நீலம் போட்டா நெறம் எறங்கிடும்."

இருட்டு என்றால் கறுப்பை ஊற்றுவது என்றே நாங்கள் பழகியிருந்தோம். அவர் படத்திலிருந்து கறுப்பை மொத்தமாக எடுத்தார். மற்ற மூன்று நிறங்களையும் ஏற்றினார். எழுத்துகளைக் கருநீலத்தில் வைத்தார். ஆம், நான் ஊருக்கே கொடுக்காத அதே கருநீலம். மூன்று மைகளும் தாராளமாகப் போயின. அகலம் நிரம்பவில்லை, ஆறடி வீணாகப் போயிற்று. மெஷின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, முதலில் தலைமுடி வந்தது, பிறகு நெற்றி, பிறகு அந்தத் தழும்பு. குமாரி எழுந்து நின்றுவிட்டாள். மை காயாமல் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தொடவில்லை. "தோ வந்துட்டாருய்யா" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

நாலாம் நாள் செக் வந்தது, தவணை போயிற்று. மெஷினைக் காப்பாற்றியது அந்தச் செக்தான். கதை அழகாக இருக்கட்டும் என்று அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் கருமாதிக்கு வந்து அந்தப் பேனரைப் பார்த்தவர்கள், பிறகு தங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களைத் தேடி வந்தார்கள். "எங்க ஆள எங்க ஆளு மாறியே போடுங்க" என்றார்கள். வெளுப்பதை விட்டோம். வேறு இடங்களில் செலவை இறுக்கிப் பிடித்தோம். கடைசித் தவணையையும் கட்டி முடித்தேன். லாரி வரவேயில்லை.

மெஷின் சொந்தமானபோது தெருவுக்குத் தெரு ஒன்று வந்துவிட்டது. மை விலைக்கே பேனர் அடித்துக் கொடுத்தார்கள். யூசுப்பு பழவேற்காட்டில் செல்போன் கடை வைக்கப் போனார். கடையை மூடினேன்.

பல வருடம் கழித்து கும்மிடிப்பூண்டி ரயிலில், பெண்கள் பெட்டியில், குமாரியைப் பார்த்தேன். மகளுக்குக் கல்யாணமாம். பத்திரிகையில் போட ஏழுமலையின் படம் கேட்டாள். கம்பெனி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். வீட்டுக் கூரைக்கு அடியில், முகம் கீழே பார்க்கிறபடி கட்டிவைத்திருந்த பேனரை ஒரு புயல் கொண்டுபோய்விட்டதாம். "உன் கம்ப்யூட்டர்ல இருக்குமே யக்கா?"

இல்லை. இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கும் செலவு வேண்டாம் என்று, மாதம் முடிந்ததும் பழைய படங்களை அழிக்கச் சொன்னவள் நான். அதையும் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

குமாரி கேட்டாள்:

"மெஷினாவது மிச்சம் கீதா?"

"எடைக்குப் போட்டாச்சு."

"அப்ப உன்னாண்டயும் ஒண்ணும் இல்ல, என்னாண்டயும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். "அந்த நெறம் மட்டும் யூசுப்பு அண்ணனோட சேத்து நம்ம மூணு பேருக்குத் தெரியும். நவுந்து குந்து, பொன்னேரி வர்ற வரிக்கும் அவுர பத்திப் பேசலாம்."