கடலுக்கு முதுகு காட்டி இருந்தவர்

முல்லைத்தீவுக் கரையில், உப்பில் வெடித்த கைகளோடு, அந்த மீனவர் கடலுக்கு முதுகு காட்டியபடி கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் ஐயா கடலைப் பாக்காமல் இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டிலை இருந்து நடத்திற கடத்தல் கும்பலுகளைப் பிடிக்கப் புதுச் சட்டமாம், தம்பி. கண்டதைச் சொல்லாட்டிலும் மறியலிலை அடைப்பாங்களாம். சொன்னால் அந்தக் கும்பல்காரர் உயிரோட விடமாட்டாங்கள். அதுதான் காணாமலே இருக்கிறன்."

வள்ளமொன்றின் இயந்திரச் சத்தம் நெருங்கியது. அவர் கையில் ஊசி நின்றது.

"என்ர மகனோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. நீலச் சேட்டு போட்டிருப்பான்."

பார்த்தேன். நீலச் சேட்டுக்காரன், முன்பின் தெரியாத இருவரோடு சேர்ந்து, கறுப்புப் பொலித்தீன் சுற்றிய பொதிகளைப் பற்றைக்குள் இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஓம் ஐயா, மகன்தான்."

அவர் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார்.