தனலட்சுமி எந்தப் பள்ளியில் படிக்கிறாள்?

போன செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள்.

“டேய், ஸ்கூல்லேர்ந்து கூப்ட்டாங்கடா. தனலட்சுமி மீஞ்சூர்ல படிக்கிதாம். இன்னான்னு போய்ப் பாரு.”

தனலட்சுமி அக்காவின் மகள். பத்தாம் வகுப்பு. திருவொற்றியூரில், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துப் பள்ளி. அன்று காலையில்கூட அவளைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட்டது நான்தான். மீஞ்சூருக்கு அவள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை போயிருக்கிறாள் — ஒரு கல்யாணத்துக்கு.

“காலைல இங்கதானக்கா இருந்துச்சு?”

“அதான்டா நானும் சொன்னேன். கம்ப்யூட்டர்ல அங்க கீதாம். வூட்ல படிச்சவங்க யாராச்சும் வரணுமாம். நான் இறால் உரிச்சிகினு கீறேன். நீ போ.”

எங்கள் வீட்டில் ‘படிச்சவங்க’ என்பது பன்மை இல்லை. நான் ஒருவன்தான். ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எழுத்து இருக்கிற எதுவும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். போனேன்.

தலைமை ஆசிரியை அறையில் தனலட்சுமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். குற்றவாளி மாதிரி இல்லை. விருந்தாளி மாதிரி.

“மாமா, நான் மீஞ்சூர்ல மேக்ஸ்ல எம்பத்தொன்னு.”

தலைமை ஆசிரியை ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். பொதுத்தேர்வுக்குப் போகிற மாணவர்களின் பெயர்ப் பட்டியல். ஆர். தனலட்சுமி என்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் போட்டோவில் வேறு பெண். அப்பா பெயர் ரமேஷ். இவள் அப்பா, அதாவது என் மாமா, பெயர் ராஜேந்திரன்.

“இத இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணலேன்னா லிஸ்ட் மூடிடுவாங்க தம்பி. அப்புறம் பரிட்சை எழுதுறது இவ, பாஸாகுறது அந்தப் பொண்ணு.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க பத்திரிகைல எழுதுறவருல்ல? இத எழுதிடாதீங்க” என்றார்.

நடந்தது இதுதான். ஜூனில் இந்த வகுப்பில் இரண்டு ஆர். தனலட்சுமிகள் இருந்தார்கள். ஒருத்தியின் அப்பா வெல்டர். மீஞ்சூர் பக்கம் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். பள்ளி மாறுகிற பிள்ளையின் பெயரை ஒரு ஆப்பில் போய் ‘விடுவிக்க’ வேண்டும். விடுவித்த பெயர் ஒரு பொதுத் தொகுப்பில் போய் மிதக்கும். ‘பூல்’ என்கிறார்கள். புதுப் பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தலைமை ஆசிரியை சரியான பெயரைத்தான் விடுவித்தார். தனலட்சுமிதான் மாறிவிட்டாள்.

ஆறு மாதமாக யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இவள் இங்கே “எஸ் மிஸ்” சொன்னபோதெல்லாம் அவளுக்கு வருகை பதிவானது. அவள் அங்கே “எஸ் மிஸ்” சொன்னபோதெல்லாம் இவளுக்கு. இரண்டு பேருமே ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள். அதுதான் வினை!

என் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த நான் ஏறி இறங்கிய படிக்கட்டுகளை அடுக்கினால் எண்ணூர் அனல் மின் நிலையப் புகைபோக்கி உயரம் வரும். இவளுக்கு எழுத்து இல்லை, அப்பாவே மாறியிருக்கிறார்.

“என்ன பண்ணணும் டீச்சர்?”

“கல்வி ஆபீஸ்ல பேசிட்டேன். மூணரைக்கு ஆப்பைத் தொறந்து விடுறாங்க. நானும் மீஞ்சூர் எச்.எம். சாரும் ஒரே நேரத்துல ரெண்டு பொண்ணையும் விடுவிச்சு, எடுத்துக்கணும். அதுவரைக்கும் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரம்... ஒரு தலைமை ஆசிரியை என்ன வேலை பார்க்கிறார் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? நான் பாடம் நடத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் கணக்கு டீச்சர். கையில் சாக்பீஸ் இருந்தது. பக்கத்து வகுப்பின் கரும்பலகையில் ஒரு முக்கோணம் இரண்டு பக்கத்தோடு நின்றிருந்தது. மூன்றாவது பக்கத்தைப் போட அவர் மூன்று முறை எழுந்தார். முதல் முறை, கழிவறையைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப் வந்தது. எடுத்து அனுப்பினார். இரண்டாவது முறை, ‘கழிவறை தெரிகிறது, அதைப் பார்வையிடும் தலைமை ஆசிரியை தெரியவில்லை’ என்று பதில் வந்தது. மறுபடி போனார் — இந்த முறை போட்டோவுக்கு நிற்க. மூன்றாவது முறை, ஆய்வகத்துக்குள் ஆடு புகுந்துவிட்டது.

“ஆட்ட போட்டோ எடுக்கணுமா டீச்சர்?” என்று கேட்டேன்.

“கேட்டா எடுக்கணும்” என்றார். சிரிக்கவில்லை.

மூன்று இருபதுக்கு அலுவலக உதவியாளர் பாஷா பாய் எட்டிப் பார்த்தார். “மிஸ், டைம் ஆவுது. மாடிக்குப் போலாமா?”

அந்தப் பள்ளியில் கீழே வாட்ஸ்அப் தட்டுத்தடுமாறி வரும்; ஆப் ஓடவும் அறுபடாமல் பேசவும் சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். பத்தடி தள்ளி இன்னொரு வட்டம். பாஷா பாய் போட்டது.

“இது நெட்டு வட்டம் தம்பி. அது பேசுற வட்டம். மாறி நின்னா ரெண்டும் வராது.”

தலைமை ஆசிரியை நெட்டு வட்டத்துக்குள் ஆப்போடு நின்றார். வெயிலில் திரை தெரியவில்லை என்று தனலட்சுமி குடை பிடித்தாள். பேசுற வட்டத்தில் ஆள் வேண்டும். பாஷா பாய் தன் போனில் மீஞ்சூரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு என் கையில் கொடுத்தார். படித்து முடித்து நான் ஏற்ற முதல் அரசுப் பொறுப்பு, ஒரு சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிற்பது!

“மேடம், மூணரைன்னு சொல்லிட்டு நாலு மணிக்குத்தான் ஆப் தொறந்துருக்காங்க. நீங்க முதல்ல விடுங்க” என்றார் மீஞ்சூர் சார்.

“ஏன், நீங்க விடுங்களேன்?”

“நான் விட்டு, நீங்க விடலேன்னா என் ஸ்கூல் கணக்குல ஒரு தலை குறையும் மேடம். தலை குறைஞ்சா எனக்கு ஒரு டீச்சர் போஸ்ட் போயிடும்.”

“எனக்கு மட்டும் போகாதா சார்?”

கடைசியில் எண்ணுவது என்று முடிவானது. மீஞ்சூர் சார் எண்ணினார். ஒன்று... இரண்டு... மூன்று.

துறைமுகத்துப் பக்கம் போகிற கண்டெய்னர் லாரியின் ஹாரன் மட்டும் கேட்டது.

“மேடம், அமுக்கிட்டீங்களா?”

“நீங்க?”

“நீங்க அமுக்குனதும் அமுக்கலாம்னு...”

மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் இருவரும் அமுக்கவில்லை. பாஷா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா மிஸ் இது, கல்யாணத்துல மால மாத்துறதுக்கே இவ்ளோ பேஜாரு இல்ல.”

நான் போனைப் பார்த்தேன். நாலேகால். அதுவரை தனலட்சுமிக்கு இது வேடிக்கையாக இருந்தது. “மிஸ், அஞ்சு மணி ஆச்சுன்னா நான் பரிச்ச எழுத முடியாதா?” என்று கேட்டாள்.

தலைமை ஆசிரியை அவளை ஒரு கணம் பார்த்தார். “முதல்ல தப்பா அமுக்குனது நான்தானே” என்று சொல்லிவிட்டு, அமுக்கினார்.

“விட்டுட்டேன்னு சொல்லுங்க தம்பி.”

சொன்னேன். மீஞ்சூர் சார் விடாவிட்டால்? எனக்கு எதிரே, பத்தடி தூரத்தில், குடையோடு நிற்கிற பெண் இன்னும் மீஞ்சூர்க்காரிதான்.

“நானும் விட்டுட்டேன் மேடம்” என்றது போன்.

ஆக, அந்த நிமிடம் இரண்டு தனலட்சுமிகளும் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியிலும் இல்லை. பூலில் மிதந்துகொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை தேடினார். வந்துவிட்டது. ஆர். தனலட்சுமி, ஆர். தனலட்சுமி — ஒன்றின் கீழ் ஒன்று. அவர் விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஜூனில் தப்புச் செய்த அதே விரல்.

“நீயே பாத்து அமுக்கு” என்று போனை நீட்டினார்.

தனலட்சுமி அப்பா பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு முறை. “இதோ, இதான் நானு” என்று தன்னைத் தானே அமுக்கி எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, “மிஸ், அந்த எம்பத்தொன்ன மட்டும் நானே வெச்சிக்கலாமா?” என்றாள்.

“உன் மார்க் நாப்பத்திரெண்டு. வா கீழே.”

நாலு ஐம்பதுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. அவள் போட்டோ, அவள் அப்பா. அக்காவுக்குப் போன் செய்தேன். “வந்துட்டாளா?” என்றாள். “வந்துட்டா” என்றேன். தலைமை ஆசிரியை தண்ணீர் குடித்தார். “எழுதுனா எழுதுங்க தம்பி. ஸ்கூல் பேர் மட்டும் வேணாம்.”

கிளம்ப எழுந்தோம். மிஸ்ஸின் போனோடு பாஷா பாய் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“மிஸ், ஒரு சின்ன விசயம். இன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு ஜொரமாம், மீஞ்சூர் ஸ்கூலுக்கு வரல. அந்த ஆப்சென்ட் இப்ப நம்ம பொண்ணு பேர்ல வந்து நிக்கிது. லீவ் லெட்டர் இல்லாம ஆப் இன்னிக்கு நாள முடிக்க வுடமாட்டேங்கிது.”

தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். தனலட்சுமி அங்கேயே உட்கார்ந்து, காய்ச்சல் காரணமாக இன்று பள்ளிக்கு வர இயலவில்லை என்று அழகாக எழுதினாள். பெற்றோர் சார்பில், வீட்டில் படித்தவன் என்ற முறையில், நான் கையெழுத்துப் போட்டேன்.

தலைமை ஆசிரியை கடிதத்தை முழுக்கப் படித்துப் பச்சை மையில் கையெழுத்தைச் சுழித்தார். பிறகு, எத்தனையோ வருடப் பழக்கம்தான் போலிருக்கிறது, நிமிர்ந்து அவளிடம் கேட்டார்: “இப்ப காய்ச்சல் பரவாயில்லையா?”

“பரவால்ல மிஸ். நாளைக்கு ஸ்கூலுக்கு வந்துடுவேன்.”